பக்கத்து வீட்டுப் பட்டாளம்

பாங்காக்கில் ராணுவம் பிரதமர்களை மாற்றுகிறது. திருவனந்தபுரத்தில் அது கேன்டீன் நடத்துகிறது, கோயில் நடத்துகிறது. இத்தனைக்கும் திருவிதாங்கூர் சிப்பாய்களும் ஒருமுறை திவானை விரட்டக் கிளம்பியவர்கள்தான்.

கரமனைப் பாலத்தின் மேல் ராணுவ லாரி போனால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நாகர்கோவில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் பஸ்ஸைத்தான் பார்க்கிறார்கள். லாரி எங்கே போகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். பூஜப்புரையைத் தாண்டினால் நாலைந்து கிலோமீட்டரில் பாங்கோடு ராணுவ முகாம். அங்கே காலாட்படை பிரிகேட் ஒன்று இருக்கிறது. நகரின் இன்னொரு மூலையான ஆக்குளத்தில் 1984 முதல் விமானப்படையின் தென்மண்டலத் தலைமையகம். கேரளத் தலைநகரம் சீருடைக்குப் புதிதல்ல. இந்தக் கரமனைப் பாலத்தையே 19-ம் நூற்றாண்டின் நடுவில் கட்டியவர் ஹார்ஸ்லி என்ற ஆங்கிலேயப் படை எஞ்சினியர்தான்.

நகரத்துக்காரர்களுக்கு பாங்கோடு என்றால் முதலில் நினைவுக்கு வருவது பீரங்கி அல்ல, கேன்டீன். ஓய்வுபெற்ற சுபேதாரும் ஹவில்தாரும், அவர்களது மனைவிமாரும் ஸ்மார்ட் கார்டுடன் வந்து சோப்பும் பிரஷர் குக்கரும் வாங்கிப் போகிறார்கள். மாதாந்திர மது ஒதுக்கீடு தனிக் கதை. மது விற்பனையை அரசே கையில் வைத்திருக்கும் மாநிலத்தில், கடை வாசலில் நீளும் வரிசைகள் தேசியப் புகழ் பெற்ற மாநிலத்தில், ராணுவக் கேன்டீன் கார்டு வைத்திருக்கும் மாமாவுக்குக் குடும்பத்தில் கிடைக்கும் மரியாதையைச் சொல்லத் தேவையில்லை. லீவில் வரும் பட்டாளக்காரர், அவர் பெட்டியில் உள்ள ரம், அவர் அவிழ்த்துவிடும் போர்க்கதைகள் இவையெல்லாம் மலையாள சினிமாவுக்குப் பல பத்தாண்டுகளாகத் தீனி போட்டவை. இலக்கியத்திலும் அப்படித்தான். கோவிலன், நந்தனார், பாறப்புறத்து என்று ராணுவத்தில் இருந்து வந்தவர்கள் எழுதியவற்றுக்குப் 'பட்டாளக் கதைகள்' என்று தனிப் பெயரே உண்டு.

கிழக்கே கோட்டையில் உள்ள பழவங்காடி கணபதி கோயிலில் உடையும் தேங்காய்களுக்குக் கணக்கில்லை. பரீட்சைக்கும் புது ஸ்கூட்டருக்கும் விமானப் பயணத்துக்கும் ஆளுக்கொரு தேங்காய். கரமனை அக்ரஹாரத்துத் தமிழர்களும் சாலைக் கடைவீதி வியாபாரிகளும் அங்கே வாடிக்கை பக்தர்கள். அந்தக் கோயிலை நடத்துவது தேவஸ்வம் போர்டு அல்ல, இந்திய ராணுவம். பத்மநாபபுரத்தில் காவல் காத்த நாயர் வீரர்களுக்குக் கிடைத்த விக்கிரகம், தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு மாறியபோது அவர்களோடு வந்து சேர்ந்தது என்பது கோயில் கதை. பின்னாளில் மகாராஜாவின் படை இந்திய ராணுவத்தில் கரைந்தபோது துப்பாக்கிகளோடு சேர்த்துப் பிள்ளையாரும் போய்ச் சேர்ந்தார்.

நகரத்தின் நடுவில் இருக்கும் பாளையத்துக்கு அந்தப் பெயர் வந்ததே படை தங்கியதால்தான். 1813-ல் அங்கே முகாமிட்டிருந்த படையினருக்காக எழுந்த பள்ளிவாசலைப் பழைய ஆட்கள் இன்றும் 'பட்டாளப் பள்ளி' என்கிறார்கள். பக்கத்துப் போலீஸ் நிலையத்தின் பெயர் கன்டோன்மென்ட். கன்டோன்மென்ட் போய் வெகு காலமாயிற்று.

தாய்லாந்திலும் ராணுவம் அன்றாட வாழ்க்கையில் இருக்கிறது. அங்கே அது இருக்கும் விதம் வேறு. ராணுவத்துக்கு டெலிவிஷன் சேனல் உண்டு, ஏராளமான ரேடியோ நிலையங்கள் உண்டு. புகழ்பெற்ற லும்பினி குத்துச்சண்டை அரங்கம் ராணுவத்துடையது. ராணுவத்துக்கென்றே 1957-ல் ஒரு வங்கி தொடங்கப்பட்டது. ஒவ்வொரு ஏப்ரலிலும் 21 வயது நிரம்பும் இளைஞர்கள் கூடங்களில் வரிசையில் உட்கார்ந்து சீட்டு எடுக்கிறார்கள். கறுப்புச் சீட்டு வந்தால் வீடு, சிவப்பு வந்தால் பாரக்ஸ். மயங்கி விழும் பையன்களையும் துள்ளிக் குதிக்கும் பையன்களையும் மறுநாள் பத்திரிகைகள் படம் போடுகின்றன. பள்ளியில் மூன்றாண்டு ராணுவப் பயிற்சி முடித்தவனுக்கு இந்தச் சோதனை இல்லை.

இதற்கெல்லாம் மேலே அரசியல். 1932-ல் ராணுவ அதிகாரிகளும் சிவில் அதிகாரிகளும் சேர்ந்து மன்னரின் முழு அதிகாரத்துக்கு முடிவு கட்டினார்கள். அன்று முதல் வெற்றி பெற்ற ராணுவப் புரட்சிகள் மட்டுமே ஒரு டஜன் தேறும். 2006 செப்டம்பரில் டாங்கிகள் பாங்காக் தெருக்களுக்கு வந்தபோது மக்கள் அவற்றின் முன் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள், சிப்பாய்களுக்குப் பூ கொடுத்தார்கள். 2014 மே மாதம் ஆட்சியைப் பிடித்த தளபதி பிரயுத் சான் ஓச்சா 2023 வரை பிரதமர் நாற்காலியில் இருந்தார். அந்த ஆண்டுத் தேர்தலில் கட்டாய ராணுவ சேவையை ஒழிப்போம் என்று சொன்ன 'மூவ் ஃபார்வர்ட்' கட்சி 151 இடங்களுடன் முதலிடம் பெற்றது. ராணுவ ஆட்சி நியமித்த 250 செனட்டர்கள் அதன் தலைவர் பிரதமராவதைத் தடுத்தார்கள். 2024 ஆகஸ்டில் நீதிமன்றம் கட்சியையே கலைத்துவிட்டது. 2025-ல் பேதோங்தான் ஷினவாத்ரா பதவி இழந்ததற்குக் காரணம் ஒரு தொலைபேசி உரையாடல். கம்போடியத் தலைவர் ஹுன் சென்னிடம் அவர் தன் நாட்டுத் தளபதி ஒருவரை எதிரணி ஆள் என்பது போலப் பேசியது வெளியே கசிந்தது.

இந்தியாவில் இப்படி நடக்காது என்று பெருமைப்படுவது சுலபம். கரமனையில் நின்றுகொண்டு அப்படிச் சொல்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இருநூறு வருஷங்களுக்கு முன்பு இங்கே அது ஏறக்குறைய நடந்தது.

திருவிதாங்கூர் என்ற அரசே படையால் உருவானதுதான். 1729-ல் பட்டத்துக்கு வந்த மார்த்தாண்ட வர்மா எட்டு வீட்டுப் பிள்ளைமாரையும் சுற்றியிருந்த சிறு ராஜ்யங்களையும் அடக்கியது தமிழகத்திலிருந்து வந்த மறவர் கூலிப்படைகளின் துணையோடு. 1741-ல் குளச்சலில் டச்சுக்காரர்களை முறியடித்தபின் சிறைபிடிக்கப்பட்ட டிலனாய் என்ற அதிகாரியையே தன் படைக்குப் பயிற்சி தரவைத்தார். 'வலிய கப்பித்தான்' என்று பெயரெடுத்த டிலனாயின் கல்லறை புலியூர்க்குறிச்சி அருகே உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. 1750-ல் ராஜ்யத்தைப் பத்மநாப சுவாமிக்கு எழுதிக்கொடுத்து, தான் அவருடைய தாசன் மட்டுமே என்று அறிவித்த மன்னர் தன் வாளையும் சன்னிதியில் வைத்தார். அதன்பின் ராஜாவை எதிர்ப்பவன் சாமியையும் எதிர்க்கிறான் என்றாயிற்று. படை பலத்துக்கு இதைவிடச் சிறந்த கவசத்தை எந்த ஜெனரலும் கண்டுபிடித்ததில்லை.

படை பெரிதாக இருந்தால் சம்பளமும் பெரிது. 1804-ல் கஜானா காலியாக இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கட்ட வேண்டிய தொகை கழுத்தை நெரித்தது. திவான் வேலுத் தம்பி நாயர் படையின் படிகளைக் குறைக்கப் பார்த்தார். சிப்பாய்கள் பத்தாயிரம் பேர் வரை திரண்டு திருவனந்தபுரத்தை முற்றுகையிட்டார்கள். திவானை நீக்கு என்பது முக்கியக் கோரிக்கை. இன்றைய பாஷையில் சொன்னால் இது ராணுவம் மிரட்டி அரசை மாற்றும் முயற்சி. வேலுத் தம்பி கொச்சிக்குப் போய் ரெசிடென்ட் மெக்காலேயின் உதவியுடன் கம்பெனிப் படையைக் கொண்டுவந்து கலகத்தை அடக்கினார். தலைவர்களுக்கு மரண தண்டனை. கிருஷ்ண பிள்ளை என்பவரின் கால்களை இரண்டு யானைகளில் கட்டி எதிரெதிர்த் திசையில் ஓட்டினார்கள் என்று திருவிதாங்கூர் வரலாறுகள் எழுதிவைத்திருக்கின்றன.

கலகம் அடங்கியதற்கான பில் மறு வருஷமே வந்தது. 1805 ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய், சொந்தப் படைக்குப் பதிலாகக் கம்பெனிப் படை. நான்கே வருஷத்தில் வேலுத் தம்பி தான் துணை தேடிய அதே மெக்காலேக்கு எதிராகக் கிளம்பினார். 1809 ஜனவரியில் குண்டறையில் அறைகூவல் விடுத்தார். பிப்ரவரியில் கர்னல் செயின்ட் லெஜரின் படை ஆரல்வாய்மொழிக் கணவாயை உடைத்துக்கொண்டு நாஞ்சில் நாட்டுக்குள் நுழைந்தது. உதயகிரியும் பத்மநாபபுரமும் சண்டையில்லாமல் விழுந்தன. கரமனைக்குத் தெற்கே கூப்பிடு தூரத்தில், இன்று பஸ் டிப்போ உள்ள பாப்பனங்கோட்டில் கம்பெனிப் படை முகாம் போட்டது. ஆற்றைத் தாண்டினால் அரண்மனை. வேலுத் தம்பி மண்ணடி கோயிலில் உயிர் துறந்தார். உடலைக் கண்ணம்மூலையில் தூக்கில் தொங்கவிட்டார்கள்.

மிஞ்சியது அரண்மனைக் காவலுக்கும் திருவிழாவுக்கும் சில நூறு வீரர்கள். பின்னர் ராணி கௌரி பார்வதி பாய் வெள்ளையரிடம் கேட்டுக் கொஞ்சம் கூட்டிக்கொண்டார். சுவாதித் திருநாள் காலத்தில், 1830-ல் அதற்கு 'நாயர் பிரிகேட்' என்று பெயர் வந்தது. ஐரோப்பியச் சீருடை, ஐரோப்பிய அதிகாரி, பாண்டு வாத்தியம். சண்டை மட்டும் கிடையாது. ஆராட்டு ஊர்வலத்தில் மகாராஜா வாளேந்தி நடக்கும்போது கூடவே நடப்பதுதான் அதன் பெரிய போர்முனை.

ஆனால் வேலைவாய்ப்பு என்ற வகையில் பிரிகேட் லேசுப்பட்டதல்ல. பெயரே சொல்கிறபடி அது ஒரு சமூகத்துக்கு ஒதுக்கப்பட்ட உத்தியோகம். அரசாங்க அலுவலகங்களில் தமிழ்ப் பிராமணர்கள், படையில் நாயர்கள். கரமனை போன்ற தெருக்களிலிருந்து ஹஜூர் கச்சேரிக்குப் போனவர்களைப் பார்த்து மற்றவர்களுக்கு எரிச்சல். 1891-ல் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் கையெழுத்திட்ட மலையாளி மெமோரியலில் வெடித்தது அந்த எரிச்சல்தான். நாற்பது வருஷம் கழித்து ஈழவர்களும் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் சட்டசபையில் இடம் கேட்டு நடத்திய நிவர்த்தனப் போராட்டத்தின்போது சர்க்கார் வேலைகளில் நாயர் ஆதிக்கம் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. 1930-களில் படை சீரமைக்கப்பட்டது, சாதிக் கதவு திறந்தது. பாங்கோடு முகாம் அந்தக் காலத்தில் உருவானதுதான்.

அந்தப் படை சும்மா இருந்த காலம் முடிந்ததும் அப்போதுதான். 1936-ல் சர் சி.பி. ராமசாமி அய்யர் திவானானார். திறமைசாலி. ஆலயப் பிரவேசப் பிரகடனம், பள்ளிவாசல் மின் திட்டம், பல்கலைக்கழகம் என்று அவர் காலத்துச் சாதனைப் பட்டியல் நீளமானது. ஆனால் எதிர்ப்பை அவரால் சகிக்க முடியாது. 1938 ஆகஸ்ட் 31-ம் தேதி நெய்யாற்றின்கரையில் ஸ்டேட் காங்கிரஸ் தலைவர் என்.கே. பத்மநாப பிள்ளையைக் கைது செய்ததைக் கேள்விப்பட்டுக் கூடிய கூட்டத்தின் மீது கர்னல் வாட்கிஸ் தலைமையில் வந்த ராணுவம் சுட்டது. வீரராகவன் உட்படப் பலர் இறந்தார்கள். கரமனையிலிருந்து நெய்யாற்றின்கரை பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட இல்லை. திருவிழாப் படையென்று மக்கள் நினைத்திருந்தது உள்ளூர்க்காரர்கள் மீதே தோட்டாவைத் திருப்பிய நாள் அது.

அதே அக்டோபரில் அக்கம்மா செரியன் தம்பானூரிலிருந்து கவடியார் அரண்மனைக்குப் பெரும் ஊர்வலத்தை நடத்திச் சென்றார். துப்பாக்கிகள் நீட்டப்பட்டன. அவர் முன்னே வந்து, முதலில் தன்னைச் சுடச் சொன்னார். துப்பாக்கிகள் தாழ்ந்தன. ஸ்டேட் காங்கிரஸ் மீதான தடை நீங்கியது, தலைவர்கள் விடுதலையானார்கள்.

1946-ல் நிலைமை இன்னும் மோசம். அகற்றமுடியாத திவானை வைத்து 'அமெரிக்கன் மாடல்' அரசியல் சட்டம் என்றார் சி.பி. ஆலப்புழைக் கயிற்றுத் தொழிலாளர்களும் விவசாயக் கூலிகளும் கம்யூனிஸ்ட் கட்சியின் பின்னால் திரண்டார்கள். அக்டோபர் 24-ல் புன்னப்ரா போலீஸ் முகாம் தாக்கப்பட்டதும் ராணுவச் சட்டம் பிரகடனமாயிற்று. வக்கீலாக வாழ்க்கையைத் தொடங்கிய திவான் படைத் தலைமையையும் தானே ஏற்றுக்கொண்டார். 27-ம் தேதி வயலாரில் பாக்கு மர ஈட்டிகளுக்கு எதிராக இயந்திரத் துப்பாக்கிகள். செத்தவர்கள் எத்தனை பேர் என்பதில் இன்றும் தகராறு உண்டு. கேரள அரசியலின் போக்கையே அந்த நாட்கள் மாற்றின என்பதில் தகராறு இல்லை.

மறு வருஷம் சுதந்திரத் திருவிதாங்கூர் என்று சி.பி. அறிவித்தபோது அவர் நம்பியிருந்தவற்றில் இந்தப் படையும் ஒன்று. 1947 ஜூலை 25-ம் தேதி இரவு சுவாதித் திருநாள் இசைக் கல்லூரியின் விழாவில் விளக்கு அணைந்தது. அம்பலப்புழையைச் சேர்ந்த கே.சி.எஸ். மணி என்ற தமிழ்ப் பிராமண இளைஞரின் வெட்டு திவானின் முகத்தில் விழுந்தது. சில நாட்களில் மகாராஜா இந்தியாவுடன் இணையச் சம்மதித்துத் தந்தி கொடுத்தார். ஆகஸ்டில் சி.பி. ஊரைவிட்டுப் போனார். பிரிகேட் ஒரு குண்டுகூடச் சுடவில்லை.

அந்தப் படையை டெல்லி கையாண்ட விதம் முக்கியமானது. 1954-ல் அதன் பட்டாலியன்கள் மெட்ராஸ் ரெஜிமென்டின் 9-வது, 16-வது பட்டாலியன்களாயின. அடைப்புக்குறிக்குள் 'திருவிதாங்கூர்' என்ற பெயர் மிஞ்சியது. ஆனால் ஆட்களைக் கொண்டுபோய்விட்டார்கள். ரெஜிமென்ட் மையம் குன்னூர் பக்கம் வெலிங்டனில். சேவை பஞ்சாபிலோ காஷ்மீரிலோ வடகிழக்கிலோ. நாயர் பையனும் நாடார் பையனும் ஆந்திராக்காரனும் ஒரே வரிசையில் நின்று 'வீர மதராஸி, அடி கொல்லு' என்று கத்துகிறார்கள். தமிழருக்கும் மலையாளிக்கும் அதை மொழிபெயர்க்க வேண்டியதில்லை. பாங்கோட்டில் இன்று இருப்பவர்கள் எந்த மாநிலத்தவராகவும் இருக்கலாம், இரண்டு மூன்று வருஷத்தில் மாறிப்போவார்கள். உள்ளூர்த் திவானோடு மோத அவர்களுக்கு விஷயம் எதுவும் இல்லை. பழைய வெற்றிகளுக்கு மட்டும் புது ராணுவம் வாரிசு. ஜூலை 31-ல் குளச்சல் வெற்றித்தூணில் மலர்வளையம் வைப்பது மெட்ராஸ் ரெஜிமென்டின் வேலை. நெய்யாற்றின்கரைக்கும் வயலாருக்கும் அப்படி யாரும் வாரிசு கொண்டாடுவதில்லை.

டெல்லியிலும் இதே ஜாக்கிரதை. பிரிட்டிஷ் சேனாதிபதி வசித்த மாளிகையில் நேரு குடியேறினார். அதுதான் தீன்மூர்த்தி பவன். முப்படைகளுக்கும் மேலே ஒற்றைத் தளபதி என்ற பதவி போயிற்று. 'கமாண்டர் இன் சீஃப்' என்ற பட்டமும் 1955-ல் மறைந்தது. முப்படைகளுக்கும் பொதுவாக ஒரு தலைமை அதிகாரி 2020-ல்தான் வந்தார், அதுவும் மந்திரி சபைக்குக் கட்டுப்பட்டு. சிப்பாயை அரசியல் தேடவில்லை என்றில்லை. 1962 சீனப் போரில் பதவி இழந்த ராணுவ மந்திரி கிருஷ்ண மேனனை 1971-ல் மக்களவைக்கு அனுப்பியது இதே திருவனந்தபுரம்தான். ராணுவ அமைச்சகத்தில் எட்டு வருஷம் உட்கார்ந்திருந்த ஏ.கே. அந்தோணியும் கேரளத்துக்காரர்.

இந்தப் பெருமைக்கும் ஓர் எல்லை உண்டு. இந்திய ராணுவம் நல்ல அண்டைவீட்டுக்காரன் என்பது பாங்கோட்டிலிருந்து தெரியும் காட்சி. மணிப்பூரிலிருந்தும் காஷ்மீரிலிருந்தும் பார்த்தால் ஆயுதப்படைகள் சிறப்பு அதிகாரச் சட்டம் தெரியும். 1987 முதல் 1990 வரை யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களிடம் கேட்டால் வேறு கதை வரும். அங்கே போன படையில் இதே மெட்ராஸ் ரெஜிமென்டும் இருந்தது. 2009-க்குப் பின் இலங்கையின் வடக்கில் ராணுவம் தேநீர்க் கடை நடத்தியது, காங்கேசன்துறையில் ஓட்டல் நடத்தியது. சிவில் பாதுகாப்புத் திணைக்களம் பண்ணைகளும் பாலர் பள்ளிகளும் நடத்தியது. பாங்கோடு கேன்டீனும் கடைதான், அதுவும் கடைதான். ஆனால் அங்கே கடைக்குப் பின்னால் இருந்த நிலம் தமிழர்களுடையது.

திருவனந்தபுரத்தில் ராணுவத்தோடு மக்களுக்கு உள்ள உறவு பெரும்பாலும் பென்ஷன் உறவு. கரமனையிலிருந்து நெய்யாற்றின்கரை, பாறசாலை வரை பத்தாம் வகுப்போ பிளஸ் டூவோ முடித்துவிட்டு விடியற்காலையில் மைதானம் சுற்றி ஓடும் பையன்களுக்குப் பின்னால், பென்ஷனில் வீடு கட்டிய ஒரு அப்பாவோ சித்தப்பாவோ இருப்பார். ஆளெடுப்பு முகாம் என்றால் முந்தின இரவே வந்து ரோட்டோரம் படுப்பார்கள். கோவிட் காலத்தில் ஆளெடுப்பு தடைப்பட்டது. ஓட்டத்திலும் மருத்துவப் பரிசோதனையிலும் தேறியவர்கள் எழுத்துத் தேர்வுக்காக மாதக்கணக்கில் காத்திருந்தார்கள்.

2022 ஜூன் 14-ல் 'அக்னிபத்' வந்தது. நான்கு வருஷ சேவை. முடிவில் நூற்றுக்கு 25 பேருக்கு மேல் நீட்டிப்பு இல்லை. மற்றவர்களுக்குச் சுமார் 11.7 லட்சம் ரூபாய் கையில், பென்ஷன் கிடையாது. பழைய ஆளெடுப்பு ரத்து, தேறிக் காத்திருந்தவர்கள் மறுபடியும் முதலிலிருந்து. பீகாரில் ரயில் பெட்டிகள் எரிந்தன. ஜூன் 18-ல் திருவனந்தபுரத்தில் நூற்றுக்கணக்கான இளைஞர்கள் தம்பானூரிலிருந்து ராஜ்பவனை நோக்கி ஊர்வலம் போனார்கள். 84 வருஷங்களுக்கு முன் அக்கம்மா செரியன் கவடியாருக்குக் கிளம்பியதும் அதே தம்பானூரிலிருந்துதான். அன்று வந்தவர்கள் துப்பாக்கிகளை எதிர்த்து நடந்தார்கள். இவர்கள் கேட்டது துப்பாக்கி பிடிக்கும் வேலையை. எழுத்துத் தேர்வை நடத்துங்கள் என்பதுதான் முழக்கம்.

ராணுவச் சம்பளத்தைக் குறைக்கத் துணிந்த அரசைப் பார்த்து 1804-ல் சிப்பாய்கள் ஆயுதத்துடன் வந்தார்கள். 2022-ல் சிப்பாயாகும் ஆசையில் இருந்தவர்கள் அட்டைகளுடன் வந்தார்கள். காலனிக் காலத்துக் கம்பெனிக்கு வந்த அதே கவலைதான் டெல்லிக்கும். பட்ஜெட்டில் பென்ஷன் பாரம் ஏறிக்கொண்டே போகிறது, புது ஆயுதங்களுக்குப் பணம் வேண்டும். கணக்காகப் பார்த்தால் அரசின் வாதத்தில் நியாயம் இருக்கலாம். ஆனால் இருபது வயதில் நான்கு வருஷத்துக்குப் போய் இருபத்து நாலில் திரும்பும் மகனை நம்பி எந்த வங்கி வீட்டுக் கடன் கொடுக்கும் என்று கேட்கும் தாய்க்கு அந்தக் கணக்கில் பதில் இல்லை.

காத்திருந்தவர்களுக்கு அரசு ஒரு சலுகை தந்தது. வயது வரம்பை 21-லிருந்து 23 ஆக்கியது, அந்த ஒரு வருஷத்துக்கு மட்டும்.